முன்பாரமும் பின்பாரமும்: காருக்குப் பின்னால் ஒரு வீடு

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இன்று அது அரிய காட்சிதான். என் சிறு வயதில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் உடனே மாடுகளைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அது தானாகவே மேலே எழும்பினால் “பின்பாரம்” என்பார். தூக்கவே முடியாமல் அழுத்தினால் “முன்பாரம் ஜாஸ்தி” என்பார். பிறகு ஒரே ஒரு மூட்டையை அரை முழம் முன்னாலோ பின்னாலோ நகர்த்துவார். மீண்டும் தூக்கிப் பார்ப்பார். திருப்தி ஏற்பட்ட பிறகுதான் மாடுகளை ஓட்டி வருவார்.

ஏன் இந்தச் சோதனை? பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். சிறிதளவு முன்பாரம் இருக்க வேண்டும். அது அளவோடு இருக்க வேண்டும். அந்த வண்டிக்காரர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதை அவருடைய கை அறிந்திருந்தது.

இதே சோதனையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் இன்றும் செய்கின்றன. மாட்டுக்குப் பதில் கார். வண்டிக்குப் பதில் சக்கரம் வைத்த ஒரு சிறு வீடு. மாட்டு வண்டியின் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். இவ்வீடுகளின் வேகமோ மணிக்கு 90 கிலோமீட்டர். கணக்கு தவறினால் கிடைக்கும் தண்டனையும் அதற்கேற்பப் பெரியது. அந்தக் கணக்கை இக்கட்டுரையில் காண்போம். உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள நெம்புகோல் விதியும் இயக்க ஆற்றல் சூத்திரமுமே இதற்குப் போதும்.

இயந்திரம் இல்லாத வீடு

நம் ஊரில் கேரவன் என்றதும் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் வண்டி நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறு. இதற்கு இயந்திரம் கிடையாது. இரண்டு அல்லது நான்கு சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. இதை அமெரிக்கர்கள் டிராவல் டிரெய்லர் என்பார்கள். ஆங்கிலேயர் கேரவன் என்பார்கள். நாம் ‘இழுவை வீடு’ என்று அழைப்போம். இங்கிலாந்தில் எக்கிள்ஸ் என்ற நிறுவனம் 1919-இலேயே காரால் இழுக்கப்படும் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் வாலி பயாம் என்பவர் 1930-களில் அலுமினியத் தகட்டால் செய்த ‘ஏர்ஸ்ட்ரீம்’ வீடுகள் புகழ் பெற்றன.

இழுவை வீட்டின் முன்புறம் முக்கோண வடிவில் ஓர் எஃகுச் சட்டம் நீண்டிருக்கும். நம் வண்டியின் ஏர்க்கால் போன்றது அது. அமெரிக்கர்கள் அதை ‘நாக்கு’ என்கிறார்கள். அதன் நுனியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று உண்டு. காரின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட எஃகுக் குண்டின்மீது இந்தக் கிண்ணம் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். இந்தக் குண்டும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்ததே இழுவைக் கொக்கி. கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டைச் சுற்றிக் கிண்ணம் திரும்பும்.

கிண்ணம் குண்டை எவ்வளவு எடையுடன் கீழ்நோக்கி அழுத்துகிறதோ, அதுவே முன்பாரம். அமெரிக்காவில் சொல்லும் பொதுவிதி இது: சாமான்கள் ஏற்றிய இழுவை வீட்டின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் வீடுகளும் கார்களும் சிறியவை. அங்கே 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். இரண்டு நாட்டாரும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. பின்பாரம் கூடவே கூடாது.

நெம்புகோல் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள இழுவை வீடு ஒன்று. குண்டிலிருந்து அதன் அச்சு வரை 5 மீட்டர். வீட்டின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. அச்சை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு திருப்புத்திறன் கணக்கிடுங்கள்.

முன்பாரம் × 5 = 2,000 × 0.6
முன்பாரம் = 240 கிலோ

இது மொத்த எடையில் 12 சதவீதம். நல்லது. இனி அந்தக் குடும்பம் சாமான் ஏற்றுகிறது. பின்புறச் சட்டத்தில் 80 கிலோ எடையுள்ள சைக்கிள்களை மாட்டுகிறார்கள். அந்த இடம் அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால். இதனால் முன்பாரம் 80 × 2.5 ÷ 5 = 40 கிலோ குறைகிறது. இப்போது மொத்த எடை 2,080 கிலோ, முன்பாரம் 200 கிலோ, அதாவது 9.6 சதவீதம்.

அடுத்து, அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் உள்ள தொட்டியில் 120 லிட்டர் தண்ணீர் நிரப்புகிறார்கள். 120 லிட்டர் தண்ணீர் 120 கிலோ. முன்பாரம் மேலும் 36 கிலோ குறைகிறது. மொத்த எடை 2,200 கிலோ. முன்பாரம் 164 கிலோ. சதவீதம் 7.5-க்குச் சற்றுக் கீழே போய்விட்டது!

கவனித்தீர்களா? எடை கூடியது பத்தில் ஒரு பங்குதான். முன்பாரமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சைக்கிளை மாட்டியவருக்கும் தண்ணீர் பிடித்தவருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. வீடு வெளியே பார்க்க அப்படியேதான் நிற்கிறது.

பாம்பு போல் நெளிவது ஏன்?

முன்பாரம் குறைந்தால் என்ன ஆகும்? ஓர் அம்பை எண்ணிப் பாருங்கள். அதன் முனை கனமானது. வால் பகுதியில் இறகு உண்டு. அம்பு சற்றுக் கோணலாகப் பறந்தாலும், ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் உள்ள இறகைக் காற்று தள்ளி அம்பை நேராக்கிவிடும். இழுவை வீட்டுக்கு அதன் டயர்களே இறகு. வீடு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பினால், தரை டயர்களைப் பக்கவாட்டில் தள்ளி அதை நேராக்குகிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். பின்னால் போய்விட்டால், இறகை முன்னால் வைத்து அம்பு எய்த கதைதான்.

இனி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி நம்மை முந்திச் செல்வதாகக் கொள்ளுங்கள். அது தள்ளும் காற்று வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் மோதுகிறது. வீட்டின் வால் பகுதி சற்று விலகுகிறது. டயர்கள் அதைத் திருப்பித் தள்ளுகின்றன. நிலைமம் காரணமாக வீடு நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகிறது. மீண்டும் திரும்பி வருகிறது. ஊசலின் அலைவு போன்றதே இது. குறைந்த வேகத்தில் ஒவ்வோர் அலைவும் முந்தையதைவிடச் சிறியதாகி, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். இதுவே நீங்கள் படித்த தடையுறு அலைவு.

வேகம் கூடக் கூட இந்த அடக்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட மாறுநிலை வேகத்தில் அது இல்லாமலே போகிறது. அந்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரியதாகும். அதற்கான ஆற்றலை வண்டியின் ஓட்டத்திலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. சில நொடிகளில் வீடு காரின் பின்பகுதியை இடமும் வலமும் இழுக்கத் தொடங்கும். அதன் பிறகு ஓட்டுநரின் கையில் ஒன்றும் இல்லை. காரும் வீடும் சேர்ந்து கவிழும்.

பின்பாரம், குறைந்த காற்றழுத்தமுள்ள டயர், இலேசான கார் ஆகியவை இந்த மாறுநிலை வேகத்தைக் கீழே இறக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. முன்பாரத்தைச் சரிசெய்வதற்காகப் பின்னால் ஒரு சுமையும் முன்கோடியில் ஒரு சுமையும் வைத்தால் சதவீதம் சரியாக வந்துவிடும். ஆனால் சுமைகள் இரு முனைகளில் இருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் பெருகும். ஆட்டம் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் காரையும் இழுவை வண்டியையும் வேகமாக ஓட்டிச் சோதித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்பாரம், அச்சின் இடம், சுமை பரவியிருக்கும் விதம் ஆகியவை நிலைத்தன்மையை வெகுவாக மாற்றுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். எனவே கனமான பொருள்களைத் தரையோடு தரையாக, அச்சுக்கு அருகில், சற்று முன்னால் வைக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டக் கூடாது. காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் கூடாது. ஒரு கயிற்றைத் தரையில் போட்டு அதன் பின்நுனியைப் பிடித்து இழுங்கள், அது நேராகும். பின்நுனியை முன்னால் தள்ளுங்கள், அது மடங்கும். கார் மட்டும் பிரேக் பிடித்தால் வீடு பின்னாலிருந்து தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். ஆகவே ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வீட்டின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அது கயிற்றின் பின்நுனியை இழுப்பது போன்றது.

காரின் முன்சக்கரம்

அப்படியானால் முன்பாரத்தை நிறைய வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். சைக்கிள் கேரியரில் கனமான மூட்டை வைத்து ஓட்டியிருக்கிறீர்களா? ஹாண்டில் லேசாகிவிடும், முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. காருக்கும் அதே கதிதான்.

காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். குண்டு பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதன்மேல் 240 கிலோ அழுத்துகிறது. இப்போது பின் அச்சே ஆதாரப் புள்ளி. முன் அச்சிலிருந்து 240 × 1.25 ÷ 3 = 100 கிலோ எடை குறைந்துவிடுகிறது. பின் அச்சிலோ 240 அல்ல, 340 கிலோ கூடுகிறது! திருப்பவும் பிரேக் பிடிக்கவும் முன்சக்கரங்களையே பெரிதும் நம்பியிருக்கிறோம். அவை லேசாவது நல்லதல்ல.

இதற்காக ‘எடை பகிரும் கொக்கி’ ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வில் போல் வளையும் இரண்டு எஃகுத் தண்டுகள் கொக்கியிலிருந்து பின்னோக்கி நீண்டு, வீட்டின் சட்டத்தோடு சங்கிலியால் இழுத்துக் கட்டப்படும். தள்ளுவண்டியின் இரு கைப்பிடிகளைத் தூக்குவது போல் இவை காரின் பின்புறத்தைத் தூக்குகின்றன. எடையில் ஒரு பகுதி காரின் முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி வீட்டின் அச்சுக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் இக்கொக்கி காரின் வலிமையைக் கூட்டிவிடாது. இருக்கும் சுமையைப் பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவே.

எந்த எண்ணை நம்புவது?

கார் விற்பவர் ஓர் எண்ணைப் பெருமையாகச் சொல்வார்: “இது 2,700 கிலோவை இழுக்கும்.” அந்த எண் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே 2807 என்ற தர அளவை வகுத்தது. அதன்படி சுமையோடு ஏற வேண்டிய சோதனைச் சாலைக்கு மாதிரி அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் டாம் ஏற்றம். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளம். 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க, சாதாரண ஊர்தியின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும்போது காருக்குள் இருப்பவர்கள் இருவர் மட்டுமே. ஆளுக்கு 68 கிலோ. பிள்ளைகள் இல்லை, பெட்டிகள் இல்லை! ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சிறிய ஒட்டுத்தாளில் வேறோர் எண் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து கார் எவ்வளவு தாங்கும் என்பது அது. முன்பாரமும் காரின்மேல்தானே அமர்கிறது? எனவே அதையும் இதில் சேர்க்க வேண்டும். நம் காருக்கு அந்த எண் 550 கிலோ என்று கொள்வோம்.

அப்பா, அம்மா, இரு பிள்ளைகள்: 240 கிலோ
பெட்டிகள்: 90 கிலோ
கொக்கி: 40 கிலோ
முன்பாரம்: 240 கிலோ
மொத்தம்: 610 கிலோ

2,700 கிலோ இழுக்கும் கார், 2,000 கிலோ வீட்டிடம் தோற்றுவிட்டது! இழுக்கும் வலிமை இருக்கிறது. தாங்கும் வலிமை இல்லை. காரின் இழுக்கும் எல்லை, தாங்கும் எல்லை, பின் அச்சின் எல்லை, டயரின் எல்லை, கொக்கியின் எல்லை ஆகிய ஐந்தையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். எது முதலில் நிரம்புகிறதோ அதுவே உங்கள் எல்லை. இங்கிலாந்தில் புதிதாக ஓட்டுவோருக்கு எளிய அறிவுரை ஒன்று உண்டு: வீட்டின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

குண்டும் கிண்ணமும்

அமெரிக்கக் கொக்கிகளுக்கு வகுப்பு உண்டு. முதல் வகுப்பு ஏறத்தாழ 900 கிலோ வரை; இரண்டாம் வகுப்பு 1,600 கிலோ வரை; மூன்றாம் வகுப்பு 3,600 கிலோ வரை. குண்டுகள் அங்கே பெரும்பாலும் 1⅞, 2, 2 5⁄16 அங்குல விட்டங்களில் கிடைக்கின்றன. 2 அங்குலக் கிண்ணத்தை 1⅞ அங்குலக் குண்டின்மேல் வைத்தாலும் அது அமர்ந்துவிடும். பூட்டியது போலவும் தோன்றும். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் துள்ளிக் கழன்றுவிடும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான்.

ஆகவே பூட்டிய பிறகு ஜாக்கியால் நாக்கைச் சற்று மேலே தூக்கிப் பார்ப்பார்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. நம் வண்டிக்காரர் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தது நினைவிருக்கிறதா? இதற்கும் மேலாக இரண்டு சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டுவார்கள். கிண்ணம் கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் இந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். வீடு முற்றிலும் பிரிந்துபோனால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டுச் சுவிட்சை இயக்கி, வீட்டில் உள்ள பாட்டரியால் அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும்.

இறக்கத்தில் வரும் சோதனை

ஏற்றத்தில் கார் திணறினால் வேகம் குறையும், அவ்வளவுதான். உண்மையான சோதனை இறக்கத்தில்தான். காரும் வீடும் சேர்ந்து 4,500 கிலோ. நூறு மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் மலைச்சாலையில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறார்கள். புவியீர்ப்பு விசை ஒவ்வொரு வினாடியும் 4,500 × 9.8 × 0.06 × 20 = ஏறத்தாழ 53,000 ஜூல் ஆற்றலைத் தருகிறது. அதாவது 53 கிலோவாட். ஆயிரம் வாட் மின்னடுப்புகள் ஐம்பத்துமூன்றை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். காற்றுத்தடையும் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், பிரேக் பழுத்துப் பிடிப்பை இழக்கும். எனவே குறைந்த கியரில் இயந்திரமே வேகத்தைத் தடுக்கும்படி இறங்க வேண்டும்.

வீட்டுக்கும் சொந்தப் பிரேக் தேவை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வண்டிக்குப் பிரேக் கட்டாயம். அங்கே கார் வேகம் குறையும்போது வீடு முன்னால் தள்ளும் விசையே அதன் பிரேக்கை இயக்குகிறது. அமெரிக்காவில் சக்கரத்துக்குள் இருக்கும் மின்காந்தம் பிரேக்கை இயக்குகிறது.

வேகத்தையும் பாருங்கள். வினாடிக்கு 20 மீட்டரில் இவர்களின் இயக்க ஆற்றல் 9 இலட்சம் ஜூல். 25 மீட்டரில் 14 இலட்சம் ஜூல். கலிஃபோர்னியாவில் இழுவை ஊர்திகளுக்கு மணிக்கு 88 கிலோமீட்டரும் ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டரும் எல்லையாக இருப்பது வீண் கெடுபிடி அல்ல.

நம் ஊர்ச் சாலையில்

நம் ஊரில் இழுவை வீடு அபூர்வம். ஆனால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைப் பார்க்காதவர் யார்? மேடேறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் அழுத்தும் சுமை முன் அச்சை லேசாக்கும் என்ற மேற்கண்ட கணக்கும், சக்கரம் உந்தும் விசையின் எதிர்வினையும் சேர்ந்து அதைச் செய்கின்றன. திருவிழாவுக்கு அத்தகைய டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்கிறார்கள். எல்லாரும் வேடிக்கை பார்க்கப் பின்பக்கமாக நெருக்கி உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் எங்கே போகும்? இனி உங்களால் சொல்ல முடியும். சரக்கு வண்டியில் ஆட்கள் ஏறவே கூடாது என்பதற்குச் சட்டத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இழுக்க முடியுமா என்று கேட்பது எளிது. அடக்க முடியுமா, தாங்க முடியுமா, நிறுத்த முடியுமா என்று கேட்டவரே வண்டிக்காரர்.

செய்து பாருங்கள்

1. ஒரு வலுவான பலகை, ஒரு செங்கல், எடை பார்க்கும் மிதிதராசு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறு முனையைத் தராசின் மேலும் வையுங்கள். இடைவெளி 90 செ.மீ. இருக்கட்டும். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பலகையின் பங்கு. பின் செங்கல்லிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் அரிசிப் பையை வையுங்கள். தராசில் கூடுதலாகத் தெரியும் எடையை மூன்றால் பெருக்கினால் பையின் எடை கிடைக்கும். வீட்டுத் தராசு தாங்காத முன்பாரத்தை இழுவை வீட்டுக்காரர்கள் இந்த முறையில்தான் அளக்கிறார்கள்.

2. நீண்ட அடிக்கோலின் இரு முனைகளிலும் ரப்பர்த் துண்டுகளைக் கட்டி, நடுவில் பிடித்து இடமும் வலமும் வேகமாகத் திருப்புங்கள். பிறகு அவற்றை நடுவுக்கு நகர்த்தித் திருப்புங்கள். எடை மாறவில்லை. எது மாறியது?

கணக்குகள்

அ. 1,500 கிலோ இழுவை வீடு. குண்டிலிருந்து அச்சு 4 மீட்டர். ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால். முன்பாரம் எத்தனை சதவீதம்?

ஆ. அதே வீட்டில் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்த 50 கிலோ பெட்டியை, அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் மாற்றி வைத்தால்?

இ. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு?

விடைகள்: அ. 150 கிலோ, 10 சதவீதம். ஆ. 112.5 கிலோ, 7.5 சதவீதம். இ. ஏறத்தாழ 1.56 மடங்கு.